நடுப்பூச்சு சுஹைரா

கிண்ணியாவில் சுஹைரா வீடு எது என்று கேட்டால் ஆறு வீட்டைக் காட்டுவார்கள். நடுப்பூச்சு சுஹைரா வீடு எது என்று கேட்டால் நேரே கூட்டிக்கொண்டு வந்து இவள் வாசலில் விடுவார்கள். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவள் திருகோணமலைப் பட்டணத்தில், அதுதான் ரவுணில், இருக்கிற ஸுல்பிகா ஹாஜியானி. வைத்து இருபத்திரண்டு வருசம். சுஹைரா அதை ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் அவள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் எந்த வீட்டுக் கலியாணத்துக்கு எந்த வருசம் எத்தனை சான்ட்விச் போனது, அதில் மீன் எத்தனை, முட்டை எத்தனை என்று இன்றைக்கும் கொப்பி பார்க்காமல் சொல்லுவாள். தனக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அதே மாதிரிச் சொல்லுவாள்.

அவளை யாரும் தூக்கி விடவில்லை. பாலம் வராத காலத்தில் ரவுணுக்குப் போகிற ஆட்கள் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் வாகனம், மாடு, மனிசர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணிக்கு மேலால் போகிற மிதவை. அதுக்காகச் சனம் வெயிலில் வரிசையாய்ப் பசியோடு நிற்கும். அந்த வரிசையைத்தான் சுஹைரா படித்தாள். வேறு படிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. யார் எதைத் தின்பான், எதைக் கையில் வாங்கிவிட்டு முகத்தைச் சுளிப்பான், எதை ஒரு கடி கடித்துவிட்டு இன்னொன்று கேட்பான் என்று ஆறு மாதம் பார்த்தாள். அதுக்குப் பிறகு அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை.

பாணுக்குள் எதையும் வைக்கலாம் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு அவளுக்குக் கதை இல்லை. மீன் என்றால் பாரை. அவித்து, முள் எடுத்து, மிளகும் தேசிக்காய்ப் புளியும் பொடியாய் வெட்டின வெங்காயமும் பட்டரும் போட்டுப் பிசைந்தால் பஞ்சு மாதிரி நிற்கும். சூரை வைத்தால் பின்னேரத்துக்குள் கறுத்துவிடும். சீனிச்சம்பலுக்கு, அதுதான் சீனி போட்டு வதக்கின வெங்காயத்துக்கு, மாசிக் கருவாட்டைத் தாராளமாய்ப் போட்டு, மேலே அவித்த முட்டையை வட்டமாய் வெட்டி வைக்க வேண்டும். இனிப்பும் உறைப்பும் பக்கத்தில் நின்றால்தான் முட்டைக்கு மரியாதை. கோழிக்குப் புதினா சேரும். கோழியைச் சீனிச்சம்பலோடு வைத்தால் ரெண்டும் வாய்க்குள்ளேயே சண்டை பிடிக்கும். கரட், பீட்ரூட், லீக்ஸ் என்று மூன்று நிறம் அடுக்குகிற கலர் சான்ட்விச்சுக்கு, பீட்ரூட்டைத் துருவித் துணியில் போட்டுக் கைநோகப் பிழிய வேண்டும். பிழியாத சோம்பேறியின் சான்ட்விச்சில் மூன்று நிறமும் ஒரே சிவப்பு. வெள்ளரிக்காயை அவள் குசினிப் பக்கமே எடுப்பதில்லை, அது பாணைத் தண்ணியாக்கிப் போடும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து மசித்து, பட்டரும் ஒரு துளி உப்பும் சேர்த்துப் பூசுவது அவளே கண்டுபிடித்தது. இப்போது மூதூரிலும் புல்மோட்டையிலும் அதைச் செய்கிறார்கள். செய்கிறவர்கள் ஒருவரும் அவள் பெயரைச் சொல்லுவதில்லை. அதையும் அவள் மறக்கவில்லை.

எதைப் பூசினாலும் அவளுடைய முறை ஒன்றுதான். பாணின் கரையில் ஒரு விரல் அகலம் விட்டு, நடுவில்தான் பூச வேண்டும். மூடி, அடுக்கி, ஈரத்துணி போர்த்து, மேலே பலகை வைத்து, பலகைக்கு மேல் அம்மிக் குழவியை வைத்து அரை மணித்தியாலம் விட வேண்டும். நடுவில் பூசினது தானாய் ஓடிப் போய் விளிம்பைப் பிடிக்கும். அதுக்குப் பிறகுதான் கரையை வெட்டுவது. விளிம்பு வரை பூசினால் பாரத்தில் வெளியே வழிந்துவிடும். இது அவளுடைய கை கண்ட உண்மை.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், ஸுல்பிகா ஹாஜியானியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி மோதிரம் போடுகிற நாள். இருநூறு மீன் சான்ட்விச் சுஹைராவுக்குச் சொல்லப்பட்டது. வரிசையில் விற்றவளுக்கு முதல் பெரிய ஓடர். அன்றைக்கென்று பார்த்துப் பாண் பிந்தி வந்தது, பாதை வெளிக்கிடுகிற நேரமும் கிட்டியது. பாரம் வைக்க நேரமில்லை. அங்கே போய் வைக்கலாம் என்று தட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே போய்த் தட்டத்தைக் கீழே வைக்கவும் விடவில்லை. ஸுல்பிகா மேல் தட்டத்தில் ஒன்றை எடுத்தாள். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முன்னால், ரெண்டு விரலால் பாணைப் பிரித்தாள்.

"பாருங்க மதினி. நடுவில ஒரு பொட்டு. சுத்திவர வெறும் பாண். கிண்ணியாக்காரி எங்களுக்கு நடுப்பூச்சுப் பூசிட்டாள்!"

வீடு நிறையப் பெண்கள் சிரித்தார்கள்.

"ராத்தா, இன்னும் பாரம் வைக்கல்ல. அரை மணித்தியாலம் பொறுத்தா..."

"பாரம் வெச்சா இல்லாதது வருமா புள்ள? கொண்டு போ, கொண்டு போ. பேக்கரியில கேக் எடுப்பம்."

திரும்பி வருகிற பாதையில், தட்டத்துக்கு மேல் தட்டத்தை வைத்துக்கொண்டு சுஹைரா நின்றாள். நடு வழியில் அடித் தட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். மேல் தட்டங்களின் பாரத்தில் மீன் ஓடி நாலு பக்கமும் விளிம்பைப் பிடித்திருந்தது. ஒரு நூல் குறை இல்லை. அதைக் காட்ட அங்கே ஸுல்பிகா இல்லை. பக்கத்தில் நின்றது ஒரு மாடு.

அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே பாதையில் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. மகளைப் பள்ளிக்கூடத்தில் நடுப்பூச்சுட மகள் என்றார்கள். மகள் கலியாணம் முடித்தாள். பிறகும் போகவில்லை. போன மாதம் ஏழு வயதுப் பேத்தி குர்ஆன் மதரசாவிலிருந்து வந்து, புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கேட்டாள்: "உம்மம்மா, நான் ஏன் நடுப்பூச்சுட பேத்தி?"

மூன்றாவது தலைமுறைக்கும் போய்விட்டது. அன்றைக்கு சுஹைரா சோறு தின்னவில்லை. வைத்தவளின் வாயாலேயே இந்தப் பெயரைப் பிடுங்க வேண்டும், தான் கண்ணை மூடி மௌத்தாகிறதுக்கு முன்னால் பிடுங்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ரெண்டு கிழமையில் போன் வந்தது. ஒரு பிள்ளையின் குரல்.

"உம்மா, நான் றுஷ்தா. ரவுணிலயிருந்து கதைக்கிறன். என்ட கலியாணத்துக்கு அடுத்த நாள் பெண்களுக்கு மட்டும் தேத்தண்ணி விருந்து. என்ட கூட்டாளிட கலியாணத்தில உங்கட சான்ட்விச் திண்டனான். எனக்கு அதுதான் வேணும். அறுநூறு."

"யார்ட பிள்ளை மகள் நீங்க?"

"ஸுல்பிகா ஹாஜியானிட பேத்தி."

சுஹைரா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மோதிரம் போட்ட அந்த மகளுடைய மகள்.

"செஞ்சு தாறன் மகள். ஒரே ஒரு நிபந்தனை. உங்கட உம்மம்மா கட்டாயம் அங்க இருக்கோணும். முதல் துண்டை நான் என்ட கையால அவங்களுக்குக் குடுப்பன்."

"ஐயோ, எவ்வளவு மரியாதை!" என்றது அந்தப் பிள்ளை. பாவம்.

விருந்து பின்னேரம் நாலு மணிக்கு. காலையில் பாண் வந்தது. சுஹைராவோடு பதினொரு வருசமாய் வேலை செய்கிற இன்பமலர் பாலையூற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மாதா கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்து, செத்த வீடு எல்லாவற்றுக்கும் சான்ட்விச் செய்கிற கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனம் எல்லாம் சுஹைரா போட்ட பிச்சை என்று சுஹைரா சொல்லுவாள், இன்பமலரும் இல்லை என்று சொல்ல மாட்டாள்.

அன்றைக்கு சுஹைரா கத்தியை எடுத்து, பாணில் மீனை விளிம்பு வரை பூசினாள். நாலு பக்கமும். மூலையிலும் அமத்திப் பூசினாள்.

இன்பமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். "ராத்தா, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதையுங்கோ. விளிம்பு விடாட்டி வழியுமெல்லே?"

"இண்டைக்குப் பாரம் வைக்கிறதில்ல. அப்ப வழியாது."

"பாரம் வெச்சா அது தானா விளிம்புக்கு வரும் எண்டு நீங்கதானே படிப்பிச்சனீங்கள்."

"அறுநூறில ஒண்டில வராட்டி? அவள்ட கைக்குப் போறது அந்த ஒண்டாத்தான் இருக்கும். எனக்கு அவளைத் தெரியும்."

"பட்டர் இளகிற வெயில் ராத்தா."

"மலர், நீ பூசுறியா, பிரசங்கம் வைக்கிறியா?"

இன்பமலரும் கத்தியை எடுத்தாள். ஆனால் தன்னுடைய ரெண்டு தட்டத்தை, குசினியின் மற்றப் பக்கம் திரும்பி நின்று, பதினொரு வருசம் பழகின மாதிரியே ஒரு விரல் விட்டுப் பூசினாள். சுஹைரா அதைக் காணவில்லை. அவளுக்குக் கண் முன்னால் நின்றது அந்த ரெண்டு விரல்தான்.

அவளுடைய புருசன் ஜெமீல் த்ரீவீலரைத் துடைத்துக்கொண்டு நின்றான். "கிழவியை நானே ஒரு தட்டுத் தட்டிட்டு வந்திருப்பன். ஒரு சான்ட்விச்சும் தேவைப்பட்டிருக்காது," என்றான்.

"நீங்க வாகனத்தை மட்டும் தட்டாம ஓட்டுங்க."

ஆறு தட்டம். இன்பமலர் தன்னுடைய ரெண்டையும் அடியில் வைத்தாள், சுஹைராவின் நாலும் மேலே. தேவைப்பட்டால் என்று ரெண்டு பாணும் ஒரு டப்பா மீனும் கூட எடுத்துக்கொண்டார்கள். பாலம் தாண்டும்போது காற்று நெருப்பு மாதிரி அடித்தது. ஜெமீல் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறினான். சுஹைரா, ஸுல்பிகாவுக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மண்டபத்தின் பின்பக்கக் குசினியில் தட்டங்களை இறக்கினார்கள். மேல் தட்டத்தின் ஈரத்துணியை விலக்கினதும் இன்பமலர் "யேசுவே" என்றாள். மீன் எல்லாப் பக்கத்தாலும் வெளியே வந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டத்தின் கரையில் வடிந்து கிடந்தது. ரெண்டாவது தட்டத்தில் சீனிச்சம்பல் எண்ணெய் விட்டு முட்டையைச் சிவப்பாக்கிவிட்டது. மூன்றாவது, கலர். அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஜெமீல் எட்டிப் பார்த்தான். "சுஹைரா, உன்ட பழி வழியுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதைப் போய் அவளுக்கு முன்னால் நீட்டினால் இன்னும் இருபத்திரண்டு வருசத்துக்கு ஒரு புதுப் பெயர். பேத்தியின் பிள்ளைகளும் சுமக்கும்.

இன்பமலர் அடித் தட்டத்தைத் திறந்தாள். ஒன்றை எடுத்து சுஹைராவின் கையில் வைத்தாள். சுஹைரா பிரித்தாள். மேலே இருந்த தட்டங்களின் பாரத்தில் மீன் ஓடி விளிம்பைப் பிடித்திருந்தது. ஒரு நூல் குறை இல்லை, ஒரு துளி வழியவும் இல்லை. அந்தப் பாதையில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று பிரித்த அதே சான்ட்விச்.

"நீ விளிம்பு விட்டியா?"

"நீங்கள் படிப்பிச்ச மாதிரித்தான் ராத்தா."

சுஹைராவுக்கு அப்போதுதான் கோபம் சரியான இடத்தில் போய் விழுந்தது. தன் கை பிழையில்லை என்று தனக்கு நல்லாய்த் தெரியும். தெரிந்தும், அந்த ஸுல்பிகாவின் ரெண்டு விரலுக்குப் பயந்து, தன் கையை விட்டுவிட்டு அவளுடைய வாய்க்கு ஏற்ற மாதிரிப் பூசியிருக்கிறாள். பெயரை மட்டுமில்லை, கையையும் பறிக்கப் பார்த்திருக்கிறாள் அந்த மனிசி.

"மலர், கத்தியைக் கொண்டா. இந்த நாலு தட்டத்திலயும் வழிஞ்ச கரையை இன்னொருக்கா வெட்டு. வெட்டி விரல் விரலா நறுக்கு. ஈரத்துணியால துடை."

இருபத்தைந்து நிமிசத்தில் ரெண்டு பெண்களும் நானூறு சான்ட்விச்சை விரல்களாக்கி அடுக்கினார்கள். அது புது ஸ்டைல் என்று ரவுண் பெண்கள் அதைப் போட்டோவும் எடுத்தார்கள். செய்யத் தெரிந்தவளுக்குக் கெட்டதும் நல்லதாகும். தெரியாதவள் செய்தால் நல்லதும் கெடும். பிறகு அடித் தட்டத்தில் ஒன்றை இன்பமலரிடம் கொடுத்து, பாணையும் மீன் டப்பாவையும் கத்தியையும் தான் எடுத்துக்கொண்டு சுஹைரா மண்டபத்துக்குள் போனாள்.

ஸுல்பிகா ஹாஜியானி முன்வரிசையில் பெரிய கதிரையில் இருந்தாள். எழுபது தாண்டிவிட்டது, கழுத்து மட்டும் அப்படியே நிமிர்ந்து நின்றது. புதுப்பெண் றுஷ்தா பக்கத்தில்.

"உம்மம்மா, இவங்கதான் சுஹைரா உம்மா. முதல் துண்டு உங்களுக்குத்தான் எண்டு சொன்னவங்க."

"எந்தச் சுஹைரா?"

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "நடுப்பூச்சு சுஹைரா."

ஸுல்பிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ! அது நான் வெச்ச பேரெல்லா! இன்னும் நிக்குதா?"

சுஹைரா அதை எதிர்பார்க்கவில்லை. மனிசி வெட்கப்படவில்லை. நட்ட மரம் காய்த்த மாதிரிப் பெருமைப்படுகிறாள்.

"நல்லா நிக்குது ராத்தா. அண்டைக்குப் பிரிச்ச மாதிரி இண்டைக்கும் பிரிச்சுப் பாருங்க."

ஸுல்பிகா எடுத்தாள். அதே ரெண்டு விரல். பிரித்தாள். நகத்தால் நாலு விளிம்பையும் தடவிப் பார்த்தாள். குறை தேடினாள், கிடைக்கவில்லை.

"ம். இண்டைக்கு நல்லாப் பூசியிருக்கிறாய். நான் சொன்னாப் பிறகு படிச்சிட்டாய் போல."

பெண்கள் சிலர் சிரித்தார்கள். சுஹைரா பக்கத்து மேசையில் பாணை வைத்தாள். எல்லாரும் பார்க்க, நடுவில் ஒரு கரண்டி மீன் வைத்து, சுற்றிவர ஒரு விரல் அகலம் வெறுமையாய் விட்டுப் பூசினாள்.

"இதுதானே ராத்தா அண்டைக்கு நீங்க கண்டது?"

"ஓம், இதுதான்! நடுவில ஒரு பொட்டு!"

"எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்க." மூடினாள். மேலே ஒரு கோப்பையை, பலகாரம் வைக்கிற தட்டையான பீங்கானை, கவிழ்த்து வைத்தாள். அதுக்கு மேலே, தேத்தண்ணி நிறைந்த பெரிய கேத்திலைத் தூக்கி வைத்தாள். "இனி அரை மணித்தியாலம். ராத்தா எழும்பிப் போகக்கூடாது."

"இதென்ன கூத்து?"

"அண்டைக்கு நான் கேட்டது இந்த அரை மணித்தியாலம்தான். நீங்க தரல்ல. இண்டைக்குத் தாங்க."

றுஷ்தா கைகொட்டினாள். பெண்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து சுற்றிவர இருந்தார்கள். பரீட்சை முடிவுக்கு இருக்கிற மாதிரி இருந்தார்கள். ஸுல்பிகா ரெண்டு தரம் எழும்பப் பார்த்தாள். ஒரு தரம் தொழுகைக்கு நேரம் என்றாள், இப்பதானே தொழுதீங்க என்று மகளே சொல்லிவிட்டாள். மற்றத் தரம் தலைச்சுற்று என்றாள். இன்பமலர் ஒரு விசிறியைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்று விசிறினாள். நல்லாய் விசிறினாள். அதுக்குப் பிறகு ஸுல்பிகாவுக்குப் பார்க்க அந்தக் கேத்திலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

நேரம் வந்ததும் சுஹைரா கேத்திலை இறக்கி, சான்ட்விச்சை எடுத்து ஸுல்பிகாவின் கையில் வைத்தாள்.

"பிரிங்க."

பிரித்தாள். மீன் நாலு பக்கமும் ஓடி விளிம்பைப் பிடித்திருந்தது.

"விளிம்பு வரைக்கும் இருக்கா, இல்லையா?"

"ம்."

"ம் எண்டால் என்ன ராத்தா? அண்டைக்கு வீடு முழுக்கக் கேட்கத்தானே சொன்னீங்க."

"இருக்கு."

"பின்னுக்கு இருக்கிறவங்களுக்குக் கேட்கல்ல."

"இருக்குடி! விளிம்பு வரைக்கும் இருக்கு! போதுமா?"

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு மனிசி, ரவுண்காரியோ யாரோ, சொன்னாள்: "அப்ப அண்டைக்கு அவசரப்பட்டுப் பிரிச்சது நீங்கதானா ஹாஜியானி? அவசரப்பிரிப்பு!"

சிரிப்பு வெடித்தது. புதுப்பெண்ணும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஸுல்பிகா, அன்றைக்கு சுஹைரா தன் தட்டங்களைப் பார்த்த மாதிரியே, கையில் இருந்த பாணைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சுஹைரா அந்த முகத்தை நல்லாய்ப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

மன்னிக்கிறது பெரிய மனசு என்று சொல்லுவார்கள். சுஹைராவுக்கு இருந்தது பெரிய தட்டம். அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். வருகிற வழியில் ரவுண் சந்தையடியில் மரக்கறி வாங்க இறங்கி அந்தக் கதையைச் சொன்னாள். பாலத்தடிக் கடையில் தேத்தண்ணி குடிக்க இறங்கி இன்னொருக்காச் சொன்னாள். ஜெமீலுக்குத் தாகமும் இல்லை, வீட்டில் மரக்கறியும் இருந்தது. ஆனாலும் அவன் ரெண்டு இடத்திலும் நிறுத்தினான்.

நடுப்பூச்சு என்கிற பெயர் போகவில்லை. ஒட்டின பெயர் கிண்ணியாவில் லேசில் உரியாது. ஆனால் இப்போது யார் அதைச் சொன்னாலும் பக்கத்தில் நிற்கிற ஒருத்தர் அவசரப்பிரிப்பு எங்கே என்று கேட்காமல் விடுவதில்லை. பேத்தியும் மதரசாவில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், கேத்திலைத் தூக்கி வைக்கிற இடத்தில் ரெண்டு கையையும் உயர்த்திக் காட்டுகிறாளாம்.

போன கிழமை றுஷ்தா திரும்பவும் போன் எடுத்தாள். உம்மம்மா சரியாய்ச் சாப்பிடுவதில்லையாம், அந்த மீன் சான்ட்விச் மட்டும் வேணும் என்று கேட்கிறாவாம், ரெண்டு மட்டும் அனுப்ப ஏலுமா என்று கேட்டாள்.

சுஹைரா அனுப்பினாள். நல்ல பாரை வாங்கி, மிளகு கொஞ்சம் கூடப் போட்டு, ஒரு விரல் விளிம்பு விட்டுப் பூசினாள். பாரம் வைக்கவில்லை. ஜெமீலிடம் கொடுத்து, வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிற நேரம் பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். கூடவே சொல்ல வேண்டியதையும் சொல்லி அனுப்பினாள்.

ஜெமீல் அந்த வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கச் சொன்னான்: "ஹாஜியானியை பாரம் வெச்சு அரை மணித்தியாலம் பொறுத்துப் பிரிக்கட்டாம்!"